ஜப்பான் டைவர் வாட்ச்: வாங்கும்போதே விற்கும் விலை தெரிய வேண்டும்

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று வெளிவரும் டைவர் வாட்சுகளைப் பல ஆண்டுகளாகச் சிங்கப்பூருக்கு வரவழைத்து வருகிறேன். சிலவற்றைக் கட்டிக்கொள்கிறேன், சிலவற்றைக் கொஞ்ச காலம் கட்டிவிட்டு விற்றுவிடுகிறேன். கடை வைத்து நடத்தவில்லை, ஆசைக்காகச் செய்வதுதான். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இது: புதிதாக வாங்காதீர்கள். நன்றாக வைத்திருந்த பழைய வாட்சை ஜப்பானிலிருந்தே வாங்குங்கள். பெட்டியைத் திறந்த அன்று விழும் விலையை முதல் சொந்தக்காரரே தாங்கிவிட்டிருப்பார். நீங்கள் விற்கும்போது பெரிய இழப்பு இருக்காது.

ஆனால் எது ஜப்பான் சந்தை வாட்ச் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1996 முதல் 2019 வரை விற்றது. அதில் கே என்றும் ஜே என்றும் இரண்டு வகை உண்டு. ஜே வகையின் டயலில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருக்கும். அதை வைத்தே 'ஜப்பான் மாடல்' என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். உண்மையில் அதுவும் ஏற்றுமதிக்குச் செய்ததுதான். நாள் காட்டும் சக்கரத்தில் அரபு எழுத்தோடு வரும் ஜே வாட்சுகள் ஏராளம். அந்த ஓர் எழுத்துக்காக நான் பணம் கூட்டிக் கொடுக்க மாட்டேன். டயலை மாற்றி ஜே ஆக்கியவையும் சந்தையில் உலவுகின்றன.

சீக்கோவின் உள்நாட்டு டைவர்களுக்கு எஸ்பிடிசி, எஸ்பிடிஎக்ஸ், எஸ்பிபிஎன் என்று தொடங்கும் எண்கள் இருக்கும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்மைக் கால மாடல்களில் பல, உலகம் முழுக்க வேறு எண்ணில் கிடைக்கின்றன. 2020-இல் வந்த எஸ்பிடிசி101-ம் வெளிநாட்டு எஸ்பிபி143-ம் ஒரே வாட்ச். இப்படிப்பட்டதை ஜப்பானிலிருந்து வரவழைப்பதில் விலை லாபம் இருந்தால் சரி, அரிய பொருள் என்ற மதிப்பு கிடையாது. பழைய மாடல்கள் அப்படியல்ல. 2000-இல் வந்த மரைன்மாஸ்டர் 300, அதாவது எஸ்பிடிஎக்ஸ்001, 2007-இல் வந்த 'சூமோ' எனப்படும் எஸ்பிடிசி001, 300 மீட்டர் 'டூனா' எஸ்பிபிஎன்015 ஆகியவற்றை ஜப்பானில்தான் தேட வேண்டும். மறுவிற்பனையில் நிற்பவையும் இவைதான்.

டூனாவின் வரலாறு தெரிந்தால் அதன் விலைக்குக் காரணமும் புரியும். 1968-இல் ஹிரோஷிமா மாவட்டத்தின் குரே நகரிலிருந்து ஒரு தொழில்முறை முக்குளிப்பவர் சீக்கோவுக்குக் கடிதம் எழுதினார். நாங்கள் வேலை செய்யும் ஆழத்துக்கு உங்கள் வாட்ச் தாங்கவில்லை என்பது புகார். தொகுனாகா இக்குவோ என்ற பொறியாளர் அதை எடுத்துக்கொண்டு ஏழு ஆண்டுகள் உழைத்தார். 1975-இல் 600 மீட்டர் வாட்ச் வந்தது. டைட்டானியம் கேஸ், பின்மூடியே இல்லாத ஒற்றைத் துண்டு உடல், ஹீலியம் உள்ளே புகாதபடி எல் வடிவ ரப்பர் வளையம். வெளியே ஒரு கவச வளையம் சுற்றியிருந்ததால்தான் மீன் டப்பாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு தேவைக்காகச் செய்த பொருளைத் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சடித்து 5,500 வாட்ச் வெளியிடும்போது எனக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை. எண்ணிக்கையைப் பாருங்கள், அச்சடித்த சொல்லைப் பார்க்காதீர்கள்.

இனி, விற்பவர் போடும் படங்களை எப்படிப் பார்ப்பது. ஜப்பான் ஏலத் தளங்களில் விற்பவர்கள் பொதுவாகக் குறையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நம் கண்ணும் வேலை செய்ய வேண்டும். சூமோவை எடுத்துக்கொள்வோம். முதலில் பின்மூடியில் உள்ள ஆறு இலக்க வரிசை எண். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எண் '7என்' என்று தொடங்கினால் நவம்பர் 2007 அல்லது 2017. எது என்று டயல் சொல்லும். சீக்கோவின் ப்ராஸ்பெக்ஸ் வரிசைக்குரிய எக்ஸ் சின்னம் இல்லையென்றால் 2007. சின்னம் இருந்தால் அது பிந்தைய எஸ்பிடிசி031 வகை, 2017. எக்ஸ் இல்லாத டயலுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி விருப்பம் உண்டு.

அடுத்து கேஸில் செயின் மாட்டும் கொம்புகள். சூமோவில் மினுமினுக்கும் பரப்பும் கோடிழுத்த பரப்பும் சந்திக்கும் இடத்தில் விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருக்க வேண்டும். அது மழுங்கி உருண்டிருந்தால் பாலிஷ் போட்டுவிட்டார்கள் என்று பொருள். கீறல் நிறைந்த, பாலிஷ் படாத கேஸுக்கு நான் அதிகம் கொடுப்பேன். பளபளவென்று தேய்த்த கேஸுக்குக் கொடுக்க மாட்டேன். தேய்த்த உலோகம் திரும்ப வராது. டயலைச் சுற்றிய சுழல் வளையமான பெசலின் பன்னிரண்டு மணிப் புள்ளியும் டயல் ஓரத்தின் நிமிடக் கோடும் நேர் கோட்டில் இல்லாமல் கொஞ்சம் விலகியிருப்பது சீக்கோவில் சகஜம். அது போலிக்கு அடையாளம் அல்ல, ஆனால் விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

செயினில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று கேளுங்கள். முதல் சொந்தக்காரரின் மெல்லிய மணிக்கட்டுக்காகக் கழற்றிய கண்ணிகள் தொலைந்திருக்கும். பழைய மாடலுக்கு அதைத் தனியாக வாங்குவது தலைவலி. பெட்டி, உத்தரவாத அட்டை, விலைச் சீட்டு, கழற்றிய கண்ணி எல்லாம் சேர்ந்தால்தான் முழு செட். முழு செட் சீக்கிரம் விற்கும். 'ஜங்க்' என்று குறித்திருந்தால் ஓடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்க வழியில்லை.

இப்போது பணம். யென் எந்த நிலையில் இருக்கிறது என்பதே எல்லாவற்றிலும் பெரிய தள்ளுபடி. 2021 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 80 யென்கூடக் கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் ஏறக்குறைய 120 கிடைத்தது. 60,000 யென் வாட்ச் முன்பு 750 வெள்ளிக்கு மேல், பின்பு 500 வெள்ளி. யென் வலுவாக இருந்தபோது வாங்கியவர்கள் பிறகு விற்று நட்டப்பட்டதற்குக் காரணம் வாட்ச் அல்ல, யென். ஆகவே பழைய விற்பனை விலைகளை ஒப்பிடும்போது அன்றைய யென் மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏல விலை இறுதி விலையும் அல்ல. 60,000 யென், வெள்ளிக்கு 115 என்று வைத்தால் 520 வெள்ளி. உங்களுக்காக ஏலத்தில் வாங்கித்தரும் முகவரின் கட்டணம், ஜப்பானுக்குள் அஞ்சல், விமான அஞ்சல், காப்பீடு எல்லாம் 50 என்று வையுங்கள். சிங்கப்பூரில் வாட்சுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் 9% பொருள் சேவை வரி வாட்சின் விலைமேல் மட்டுமல்ல, அஞ்சலும் காப்பீடும் சேர்ந்த தொகைமேல் விழும். 620 வெள்ளி ஆகிவிடும். இங்கே அதே வாட்ச் 640-க்குக் கைக்குக் கை கிடைத்தால், நேரில் பார்த்து வாங்குவதே மேல். விலையைக் குறைத்துக் காட்டி அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். அது குற்றம், தொலைந்தால் காப்பீட்டுப் பணமும் வராது. இந்தியாவில் சுங்கத் தீர்வையும் உண்டு, எனவே இந்தக் கணக்கு சென்னைக்குப் பொருந்தாது.

தோக்கியோவுக்குப் போகிறவர்கள் நக்கானோ பிராட்வே கட்டடத்துக்குள் ஒரு நாள் நடந்து பாருங்கள். பழைய வாட்சுக் கடைகள் வரிசையாக இருக்கும். கடவுச்சீட்டைக் காட்டினால் சுற்றுப்பயணிக்கு 10% நுகர்வு வரி இல்லை. 2026 நவம்பர் முதல் முழு விலை கொடுத்துவிட்டு, நாடு திரும்பும்போது அந்த வரியைத் திரும்பப் பெறும் முறை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது, 48 மணி நேரமாவது வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளி வரை வரிவிலக்கு, அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளிதான். மீதிக்கு நீங்களே அறிவித்து வரி கட்ட வேண்டும். புதிதாக வாங்கியதைக் கையில் கட்டிக்கொண்டு வந்தால் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் அபராதம் கட்டுகிறார்கள்.

ரேடியோ அலை வழியே நேரம் சரிசெய்துகொள்ளும் சிட்டிசன் டைவர்கள் பற்றி ஒரு வார்த்தை. உள்நாட்டு மாடல்கள் சில, ஃபுக்குஷிமாவிலும் கியூஷுவிலும் உள்ள இரண்டு நிலையங்களின் சமிக்ஞையை மட்டுமே பிடிக்கும். சிங்கப்பூரில் அவை சாதாரண குவார்ட்ஸ் வாட்சாகத்தான் ஓடும். சூரிய ஒளியில் இயங்குவதால் கட்டுவதற்கு அருமையானவை, ஆனால் ரேடியோ வசதிக்கென்று இங்கே யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள்.

கடைசியாக, பழைய டைவர் வாட்சைக் கட்டிக்கொண்டு நீரில் இறங்குபவர்களுக்கு. டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலை. ரப்பர் வளையம் காய்ந்துபோகும், பின்மூடியை யார் திறந்து எப்படி மூடினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வந்து சேர்ந்ததும் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்யக் கொடுங்கள். அந்தச் செலவையும் வாங்கும் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதை வைத்திருங்கள், அடுத்து வாங்குபவர் அதைக் கேட்பார்.