கழுத்து ஆபரேஷனும் எக்கோஸ்பிரின் மாத்திரையும்

கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்துக்குக் காலை நடைக்கு வரும் பெரியவர்களில் பலருக்கு எக்கோஸ்பிரின் 75 பழகிப்போன ஆஸ்பிரின் மாத்திரை. யாருக்காவது ஆபரேஷன் என்று தெரிந்தால் போதும், தாமரைக் குளத்தருகே இலவச ஆலோசனை தயார்: “ஒரு வாரம் முன்னாடியே ரத்த மாத்திரைய நிறுத்திருங்கண்ணே, இல்லன்னா ரத்தம் நிக்காது.”

வேறு சில ஆபரேஷன்களுக்கு அது சரியாக இருக்கலாம். கழுத்து ரத்தக் குழாய்க்கு அந்தக் கணக்கு தப்பு.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்தால், சர்ஜன் குழாயைத் திறந்து அதை உரித்தெடுப்பார். உரித்த இடம் பச்சைப் புண். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அங்கேதான் போய் ஒட்டும். ஒட்டியதில் ஒரு துணுக்கு பிய்ந்தாலும் நேரே மூளைக்குத்தான் போகும். பக்கவாதத்தைத் தடுக்கச் செய்த ஆபரேஷனே பக்கவாதத்தில் முடியும். அதனால்தான் தட்டணுக்களை ஒட்டவிடாத ஆஸ்பிரினை நிறுத்தாமல் தொடரச் சொல்கிறார்கள். 1993-இல் வெளியான சுவீடன் ஆய்வில் 232 பேரில் ஒரு பாதிக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நிலைத்த பக்கவாதம் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் குறைவு.

பயந்துபோய் முந்தின நாள் மட்டும் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதில் ரத்தப்போக்கு குறையவும் போவதில்லை. ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, செயலற்றே கிடக்கும்.

“அப்படின்னா கூடப் போட்டுக்கிட்டா இன்னும் நல்லதுதானே?” இதற்கும் பதில் இருக்கிறது. 1999-இல் ‘லான்செட்’ இதழில் வந்த, 2,800-க்கும் மேற்பட்ட கரோடிட் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், தினம் 81 அல்லது 325 மில்லிகிராம் எடுத்தவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் பக்கவாதமோ மாரடைப்போ மரணமோ நேர்ந்தது. 650, 1,300 என்று எடுத்தவர்களில் அது 8.4 சதவீதம்.

இன்னொரு ரத்த மாத்திரையான குளோபிடோக்ரெலின் விஷயம் இவ்வளவு நேரானது அல்ல. ஆஸ்பிரினோடு அதுவும் சேர்ந்தால் மூளைக்குப் போகும் துணுக்குகள் குறைகின்றன. ரத்தக் கசிவு கூடுகிறது. கழுத்தில் ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயையே நெரிக்கும், மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிவரும். ஆகவே தொடர்வதா நிறுத்துவதா என்பது சர்ஜனின் முடிவு.

சிக்கல் பெரும்பாலும் மருந்து அட்டையில்தான். குளோபிடாப்-ஏ என்றால் குளோபிடோக்ரெலோடு ஆஸ்பிரினும் சேர்ந்தது. எக்கோஸ்பிரின் கோல்டில் இவ்விரண்டோடு கொழுப்பு மருந்தும் உண்டு. “குளோபிடோக்ரெலை மட்டும் நிறுத்துங்க” என்று டாக்டர் சொல்ல, வீட்டில் அந்த ஒரே கேப்சூலை நிறுத்தினால் ஆஸ்பிரினும் சேர்ந்தே நின்றுவிடும். அசிட்ரோம், வார்ஃபரின் வேறு வகை ரத்த மாத்திரைகள்; அவற்றுக்குச் சொன்ன விதியை ஆஸ்பிரினில் போட்டுக் குழப்பக் கூடாது.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துப்போய், எதை எந்தத் தேதி வரை போடுவது, எது நின்றால் பதிலுக்கு எது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.