பணம் எட்டாத நல்ல விண்ணப்பங்கள்

வானியல் ஆய்வுகளுக்கு அரசு நிதி ஒதுக்கும் வேலை என்றதும், எது பெரிய கண்டுபிடிப்பாகும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில், வானியல் பிரிவின் புரோகிராம் டைரக்டராக இருந்தபோது நான் கண்டது வேறு. உச்சியில் நிற்கும் சில விண்ணப்பங்களை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துவிடலாம். தேறாதவையும் சீக்கிரம் தெரிந்துவிடும். நடுவில் இருப்பவைதான் தூக்கத்தைக் கெடுக்கும். எல்லாமே செய்ய வேண்டிய ஆய்வுகள். பெரும்பாலானவற்றுக்குப் பணம் எட்டாது.

என்னைப் போலப் பல்கலைக்கழகத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு மட்டும் இந்த வேலைக்கு வந்தவர்கள் அப்போது அங்கே நிறைய இருந்தார்கள். நவம்பர் 15-ஆம் தேதி கெடு முடிந்ததும் விண்ணப்பங்கள் குவியும். ஒவ்வொன்றிலும் ஆய்வு விளக்கம் 15 பக்கம். அவற்றைத் துறைவாரியாகப் பிரித்து, படிக்கத் தகுந்தவர்களைத் தேடிப் பேனல் அமைப்பதே பெரும்பாடு. விண்ணப்பதாரரோடு கடந்த 48 மாதங்களில் சேர்ந்து கட்டுரை எழுதியவர் அந்த விண்ணப்பத்தை மதிப்பிடக் கூடாது. நூற்றுக்கணக்கானோர் பெயர் போட்டு வெளிவரும் வானாய்வுக் கட்டுரைகளின் காலத்தில், விஷயமும் தெரிந்து சம்பந்தமும் இல்லாத ஒருவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

பேனலில் புரோகிராம் டைரக்டருக்கு வாக்கு கிடையாது. விவாதம் நேர்மையாக நடக்கிறதா என்று பார்ப்பதும், பேசியது எழுத்தில் வருகிறதா என்று பார்ப்பதும்தான் அவர் வேலை. இரண்டாவதைத்தான் நான் உயிராகக் கருதினேன். விண்ணப்பதாரருக்குப் போகும் பேனலின் சுருக்க அறிக்கையில், “மாதிரி அளவு போதுமா என்ற ஐயம் எழுந்தது” என்று ஒருவர் எழுதியிருப்பார். யாருக்கு எழுந்தது, எந்தப் பகுதியைப் படித்து எழுந்தது? திருப்பி அனுப்புவேன். “மங்கலான விண்மீன் திரள்களுக்குத் தேவையான தொலைநோக்கி நேரம் கணக்கிடப்படவில்லை” என்று மாறி வரும். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓர் இளம் ஆய்வாளரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்து அடுத்த ஆண்டு விண்ணப்பத்தையே திருத்தி எழுதலாம். நிராகரிக்கப்பட்டவருக்கு நாங்கள் தரக்கூடியவற்றில் முக்கியமானது அந்த அறிக்கைதான். அதில் கஞ்சத்தனம் கூடாது.

பேனலின் தரவரிசை ஆலோசனைதான், தீர்ப்பு அல்ல. பரிந்துரை புரோகிராம் டைரக்டருடையது. அதற்கு மேல் அப்போது பிரிவுத் தலைவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நடுவில் நிற்பவற்றில், முதல்முறை நிதி கேட்பவரா, சிறிய கல்லூரியா, துணிச்சலான யோசனையா என்பதையெல்லாம் எடை போட இடம் உண்டு. அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் மதிப்பெண் வரிசைப்படியே கோடு போடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்பது என் கருத்து. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்காதவர்களும் உண்டு. ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ திட்டம், வானியலாளர்கள் பலரே எதிர்த்த காலத்தைத் தாண்டி வந்ததில், அறக்கட்டளையின் இயற்பியல் பிரிவில் புரோகிராம் டைரக்டராக இருந்த ரிச்சர்ட் ஐசக்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈர்ப்பலைகளின் ஆற்றல் பற்றி 1968-லேயே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் அவர். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் சமிக்ஞை வந்தபோது அவர் அந்தப் பதவியில் இல்லை.

விண்ணப்பிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பதில் வரவில்லை என்றால் நிராகரிப்பு என்று அர்த்தமில்லை. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கினாலும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பட்ஜெட்டை நிறைவேற்றப் பல மாதம் ஆவதுண்டு. கையில் எவ்வளவு பணம் என்று தெரியாமலே நாங்கள் பட்டியல் போட்டுக் காத்திருப்போம். சமூகப் பயன் பற்றிய பகுதியைப் பழைய விண்ணப்பத்திலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள். பேனலில் அது உடனே தெரியும். பேனலுக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். நல்ல விண்ணப்பம் எப்படி இருக்கும் என்பதை அந்த அறையில் கற்பதுபோல வேறெங்கும் கற்க முடியாது.

நிராகரிப்பு வந்தால் அன்றே எழுதாமல், ஒரு வாரம் கழித்து அறிக்கையை மறுபடி படித்துவிட்டுப் புரோகிராம் டைரக்டரிடம் பேச நேரம் கேளுங்கள். தொந்தரவாக இருக்குமோ என்று தயங்கியே பலர் கேட்பதில்லை. அந்த அழைப்புகளுக்கு நான் எப்போதும் நேரம் ஒதுக்கினேன்; “இதைத் திருத்தி மறுபடி அனுப்பலாமா, வேறு கேள்வியை எடுக்கலாமா?” என்று நேராகக் கேட்டவர்களுக்கு நேராகவே பதில் சொல்ல முடிந்தது.