கும்ஜுங் கிராமத்துப் பாடசாலை



நாம் வாழும் நியூசிலாந்தின் ஐந்து டொலர்த் தாளில் இருக்கும் சேர் எட்மண்ட் ஹிலாரியை அறியாத பிள்ளை நம்மிடையே இல்லை. 1953 மே 29இல் டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் சிகரத்தில் நின்றவர். ஆனால் அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அவர் செய்த பணியைக் கேட்டால் பெரியவர்களான நாமும் சற்று விழிக்கிறோம்.

நேபாளத்தில் 1951 வரை ராணாக்களின் ஆட்சி. சாதாரண மக்கள் கல்வி கற்பதை அவர்கள் விரும்பவில்லை. எவரெஸ்ட் அடிவாரத்து ஷெர்ப்பாக்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? 1960இல் ஹிலாரி ஒரு ஷெர்ப்பாப் பெரியவரிடம், உங்கள் ஊருக்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை, ஒரு பாடசாலை வேண்டும் என்ற கருத்தில் பதில் வந்தது. திருக்குறளில் கல்வி அதிகாரத்தை மனனம் செய்த பிள்ளைகளுக்கு அதன் மூன்றாம் குறள் உடனே நினைவுக்கு வரும். வள்ளுவரைக் கேள்விப்படாத மலையூரில் அதே எண்ணம்!

கும்ஜுங் கிராமம் 3,790 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அக்காலத்தில் காத்மண்டுவிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் நடக்க வேண்டும். கல்கத்தாவின் இந்திய அலுமினியக் கம்பனி ஒரு கட்டடத்தைப் பகுதி பகுதியாக நன்கொடையாகக் கொடுத்தது. செஞ்சிலுவைச் சங்க விமானம் அவற்றை மலைமேல் இருந்த மிங்போ என்னும் சிறு ஓடுதளத்தில் இறக்க, அங்கிருந்து முதுகிற் சுமந்து வந்தார்கள். 1961இல் தெங்போச்சே மடத்துத் தலைமை லாமா ஆசி வழங்கப் பாடசாலை திறக்கப்பட்டது.

கட்டடம் எழுந்துவிட்டது, படிப்பிப்பது யார்? இங்கேதான் கவனிக்க வேண்டும். டார்ஜிலிங்கில் வாழ்ந்த ஷெர்ப்பா ஒருவரையே ஆசிரியராக அழைத்து வந்தார்கள். பாடமொழி நேபாளி, பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஷெர்ப்பா மொழி. அதை அறியாத ஆசிரியர் வந்திருந்தால் முதல் வகுப்பே வெறும் கூச்சலாகியிருக்கும். (நமது ஞாயிறு வகுப்பு ஆசிரியர்களுக்கு இது நன்றாகப் புரியும்.) ஆசிரியருக்கு மாதச் சம்பளமும் தடையின்றிப் போக வேண்டும். மலைநாட்டுப் பாடசாலைக்கென்று நம்மிடம் உண்டியல் வரும்போது சுவரைப் பற்றியே பேசுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பார் என்று கேட்டுவிட்டுப் போடுவதில் தவறில்லை.

செய்தி பரவியதும் மற்றக் கிராமங்களும் மனுவோடு வந்தன. கேட்ட ஊருக்கே பாடசாலை, ஊராரும் உழைப்புத் தர வேண்டும் என்பது முறையாயிற்று. இப்படி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் எழுந்தன. பொருட்களைக் கொண்டுவர 1964இல் லுக்லாவில் ஓடுதளம் அமைத்தார்கள். மண்ணை இறுக்க வழி தெரியாமல், ஷெர்ப்பாக்கள் கைகோத்து நடனமாடியே மிதித்துச் சமப்படுத்தினார்களாம்!

அதே ஓடுதளம் உல்லாசப் பயணிகளையும் கூட்டமாகக் கொண்டுவந்தது. விறகுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. ஹிலாரியே இதை எண்ணி வருந்தினார். 1976இல் நியூசிலாந்தின் உதவியோடு சாகர்மாதா தேசியப் பூங்கா அமைந்தது. அதன் முதல் ஷெர்ப்பாப் பொறுப்பதிகாரியான மிங்மா நோர்பு, கும்ஜுங்கில் முதன்முதலாகப் படித்த பிள்ளைகளில் ஒருவர். பின்னர் நியூசிலாந்தில் கற்றவர்.

1975இல் பாப்லு என்னும் இடத்தில் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த ஹிலாரியிடம் புறப்பட்ட விமானம் காத்மண்டுவில் விழுந்து, மனைவி லூயிசும் இளைய மகள் பெலிண்டாவும் இறந்தார்கள். ஆயினும் அவர் அம்மலைகளை விட்டு விலகவில்லை. 2008இல் மறையும்வரை அம்மக்களுக்கான பணியைத் தொடர்ந்தார்.

கும்ஜுங்கிலிருந்து சிறிது தூரம் நடந்தால் குந்தே. அங்கே 1966இல் திறந்த மருத்துவமனையில் தொடக்கத்தில் வெளிநாட்டு வைத்தியர்களே மாறி மாறிப் பணியாற்றினார்கள். பிற்காலத்தில் அதன் பொறுப்பை ஏற்றவர், அதே மலைப்பகுதியில் பிறந்து, ஃபீஜியில் மருத்துவம் கற்றுத் திரும்பிய டாக்டர் காமி தெம்பா ஷெர்ப்பா.