தூரத்து நண்பரிடம் பழுதை எப்படிச் சொல்வது?

கார் பழுதானாலும் கணினி பழுதானாலும் இன்று நம்மில் பலரது கை முதலில் போவது கைப்பேசிக்குத்தான். வாட்ஸ்அப் குழுவிலோ இணையத்தில் பழகிய நண்பர்களிடமோ கேட்கிறோம். சற்று நேரத்தில் பதில்கள் குவிகின்றன. பேட்டரி என்கிறார் ஒருவர். எண்ணெய் பம்ப் என்கிறார் இன்னொருவர். காரையே மாற்றிவிடுங்கள் என்கிறார் மூன்றாமவர். எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், அவர்களில் எவரும் உங்கள் காரைப் பார்க்கவில்லை. அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. அவர்களிடம் இருப்பது நீங்கள் எழுதிய ஒரு வரி மட்டுமே.

அந்த வரி சரியாக இருந்தால் பத்து நிமிடத்தில் வழி பிறக்கலாம். தவறாக இருந்தால், தேவையில்லாத பாகத்தை வாங்கிப் பணம் போகும். சில வேளைகளில் கணினியில் சேர்த்து வைத்த பிள்ளைகளின் படங்களும் சேர்ந்து போகும். ஆகவே, உதவி கேட்கும் முறையையே இந்த வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

கண்டது வேறு, கருதியது வேறு

ஒரே பழுதை இரண்டு பேர் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர்: “அண்ணே, கார் பேட்டரி போயிடுச்சு. எந்த பேட்டரி வாங்கலாம்?”

இரண்டாமவர்: “அண்ணே, 2012ஆம் ஆண்டு கார், 1.3 லிட்டர், ஆட்டோ கியர். நேற்று இரவு வரை நல்லா ஓடுச்சு. இன்று காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று வேகமாகச் சத்தம் வருது, இன்ஜின் சுற்றலை. முன்விளக்கு பிரகாசமா எரியுது. ஆனா ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் மங்குது. பேட்டரி மாற்றி ஒரு வருஷம்தான் ஆகுது.”

முதலாமவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நண்பர் அதை நம்பி ஒரு பேட்டரியைப் பரிந்துரைப்பார். இரண்டாமவர் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னார். விவரம் தெரிந்த நண்பர் உடனே திருப்பிக் கேட்பார்: “தம்பி, பேட்டரி முனையைக் கையால் ஆட்டிப் பாருங்க. ஆடுதா? மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கா?” முனை தளர்ந்திருந்தால், அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே கார் கிளம்பிவிடக்கூடும். செலவு ஒரு காசும் இல்லை.

விளக்கு எரிகிறதே, பிறகு ஏன் இன்ஜின் சுற்றவில்லை? பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே உதவும். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால், அந்த இடத்தில் இழக்கும் மின்னழுத்தம் கிடைக்கும். தளர்ந்த முனையின் மின்தடை 0.03 ஓம் என்று கொள்வோம். இரண்டு முன்விளக்குகளும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும், இழப்பு 0.3 வோல்ட்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது, அப்போது 4.5 வோல்ட் அந்த முனையிலேயே தொலைந்துவிடும். மோட்டாரின் சுவிட்ச் ஒட்டும், மின்னழுத்தம் சரியும், சுவிட்ச் விடும், மீண்டும் ஒட்டும். அந்த ‘டக் டக்’ சத்தம் இதுதான்.

சத்தம் மாறினால் பழுதும் மாறும். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் மீதும் சந்தேகம் போகும். விளக்குகள் சரியாக இருந்து சத்தமே இல்லையென்றால், முதலில் கியர் ‘பி’யில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் வழக்கம்போல் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் பேட்டரியை விட்டுவிடலாம். எண்ணெய் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்று தேட வேண்டும்.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளந்தால், நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலும் காலியாகிவிட்டது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட்டிலேயே நின்றால், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. அந்த நிலையில் புதிய பேட்டரி போட்டாலும் விரைவிலேயே அதுவும் காலியாகிவிடும்.

பாதி பாதியாகக் குறையுங்கள்

கணினிப் பழுதுக்குப் பொருத்தமான உத்தி, சந்தேகங்களைப் பாதியாக வெட்டுவது.

கணினி திறக்க வெகு நேரம் எடுக்கிறது. திறக்கும்போதே 16 செயலிகள் தாமாக ஓடத் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 15 முறை வரை மறுதொடக்கம் செய்ய நேரலாம். அதற்குப் பதில் 8ஐ நிறுத்திப் பாருங்கள். வேகம் கூடினால் குற்றவாளி அந்த எட்டில் இருக்கிறது; இல்லையென்றால் மற்ற எட்டில். பிறகு 4, 2, 1. நான்கே சோதனைகளில் முடிந்துவிடும்.

மற்றப் பழுதுகளுக்கும் இதே வழிதான். மடிக்கணினியின் திரை இருண்டுவிட்டதா? அதைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் கணினி ஓடுகிறது. பழுது திரையிலோ அதன் கம்பியிலோதான். இணையம் மெதுவாக இருக்கிறதா? அதே வைஃபையில் கைப்பேசி வேகமாக இயங்கினால் இணைப்பைக் குறை சொல்ல வேண்டாம், கணினியைப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்று நண்பர்கள் சொன்ன மூன்று வைத்தியத்தையும் ஒன்றாகச் செய்தால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. நிலைமை மோசமானாலும் எதைத் திரும்ப மாற்றுவது என்று தெரியாது.

குறியீடு ஒரு சாட்சிதான்

அண்மைக் காலக் கார்கள் தங்கள் கோளாற்றைத் தாமே பதிவு செய்கின்றன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 என்ற 16 முனை இணைப்பு, இன்று பல நாடுகளில் விற்கும் கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் கீழே இருக்கிறது. சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் குறியீடு கைப்பேசியில் தெரியும்.

ஆனால் குறியீட்டை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘பி0171’ என்று வந்தால், இன்ஜினுக்குள் எண்ணெய்க்கு இருக்க வேண்டிய அளவைவிடக் காற்றின் விகிதம் அதிகம் என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே சிலர் மாற்றச் சொல்வார்கள். பல வேளைகளில் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. விரிசல் விட்ட ரப்பர் குழாய், அழுக்கடைந்த காற்றளவு சென்சார், வலுவிழந்த எண்ணெய் பம்ப் ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

கணினியின் நீலத்திரையும் இதுபோல்தான். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்த உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள். ஒரு டிரைவர் மென்பொருளும் அதைக் கிளப்பலாம். திரையைப் படம் பிடித்து அப்படியே நண்பருக்கு அனுப்புங்கள்.

எவர் சொன்னாலும் செய்யக் கூடாதவை

* இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.
* பிரேக், ஏர்பேக் கோளாறுகளை அரட்டையில் தீர்க்காதீர்கள். காரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.
* மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள்.
* மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.
* வன்தட்டில் ‘கிளிக் கிளிக்’ சத்தம் வந்தால் கணினியை உடனே அணையுங்கள். பழுது நீக்கும் மென்பொருளை ஓட்ட ஓட்ட, மீட்கக்கூடிய படங்களும் அழியலாம். முக்கியமானவை இருந்தால் தரவு மீட்கும் நிபுணரிடம் கொடுங்கள்.
* அறிமுகமில்லாதவர் அனுப்பும் கட்டளையை, பொருள் தெரியாமல் ஒட்டி ஓட்டாதீர்கள். “நானே உள்ளே வந்து சரி செய்கிறேன்” என்பவருக்குக் கணினியின் கட்டுப்பாட்டைக் கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் மலேசியாவில் வங்கியையோ 997 என்ற எண்ணையோ உடனே அழையுங்கள். சிங்கப்பூரில் வங்கிக்கும் காவல்துறைக்கும் உடனே சொல்லுங்கள். மோசடியோ என்ற சந்தேகம் இருந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம்.

கேள்வியில் இருக்க வேண்டிய ஆறு

1. என்ன பொருள், எந்த மாடல், எந்த ஆண்டு?
2. என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது?
3. எப்போது தொடங்கியது? அதற்குச் சற்று முன் என்ன மாற்றினீர்கள்? மழையில் நனைந்ததா, புதிய செயலி ஏற்றினீர்களா?
4. எப்போதும் வருகிறதா, சூடான பிறகு மட்டுமா, காலையில் மட்டுமா?
5. திரையில் வந்த சொற்கள், குறியீடு, படம், சத்தத்தின் ஒலிப்பதிவு.
6. இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன விளைவு?

இந்த ஆறையும் எழுதி முடிப்பதற்குள் சிலருக்கு விடை தாமாகவே தெரிந்துவிடும். ‘சற்று முன் என்ன மாற்றினேன்?’ என்று யோசிக்கும்போதே, முதல்நாள் செருகிய புதிய யூஎஸ்பி கருவி நினைவுக்கு வரும்.

பழுது நீங்கிய பிறகு “சரியாயிடுச்சு, நன்றி அண்ணே” என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். எதைச் செய்ததால் சரியானது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். உதவிய நண்பருக்குத் தம் கணிப்பு சரியா என்று தெரியும். அடுத்த மாதம் அதே ‘டக் டக்’ சத்தத்தோடு குழுவுக்கு வரும் இன்னொருவருக்கு, புதிய பேட்டரி வாங்கும் செலவு மிஞ்சும்.