கர்ப்பிணிகளின் விமானப் பயணம்: திரும்பும் நாளையும் எண்ணுங்கள்

கோடை விடுமுறை வந்தால் விமானப் பயணத்துக்குக் கடிதம் கேட்டு வரும் கர்ப்பிணித் தாய்மார் அதிகம். அண்மையில் ஒரு தங்கை வந்தார். 33 கிழமை, கொழும்பில் தம்பியின் கலியாணம், நாலு கிழமை லீவு. "போகலாம்தானே, டொக்டர்?" போகலாம். ஆனால் திரும்பும்போது 37 கிழமையாகிவிடுமே! அதை அவர் எண்ணவில்லை.

பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரு குழந்தையாயின் 36 கிழமை வரையும், இரட்டையாயின் 32 வரையுமே ஏற்றும். 28 கிழமைக்குப் பின் வைத்தியரின் அல்லது மருத்துவச்சியின் கடிதம் கேட்பார்கள். அங்கேயே பிரசவமானால் பிள்ளைக்குப் பயணப் பத்திரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். குறைமாதப் பிள்ளையின் சிகிச்சைச் செலவைக் காப்புறுதி ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிக்கலில்லாத கர்ப்பமாயின் பறப்பதால் குழந்தைக்குக் கேடில்லை. நாலு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் தாயின் காலில் இரத்தம் கட்டிபடுவதே என் கவலை. லண்டனிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 11 மணித்தியாலம். நடைவழியோர இருக்கை கேளுங்கள், அடிக்கடி எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள், அளவெடுத்த இறுக்கக் காலுறை அணியுங்கள். (சேலைக்குள் அது தெரியாது.) ஒரு கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, பயணம் முடிந்து சில கிழமைகளின் பின்னென்றாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தங்கை பத்து நாளில் திரும்பிவிட்டார்.