எது எதோடு சேரும்?

பள்ளிக்கூடம் போகுமுன்பே பிள்ளைகள் வகை பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளை மடுவத்தில் நாங்கள் கேட்டுப் பார்த்தோம். ஆறு ஓடுகிறதாம், அதனால் அதற்கு உயிர் உண்டாம். தேயிலைத் தூர் நின்ற இடத்திலேயே நிற்பதால் உயிர் இல்லையாம்.

சிரித்துவிடாதீர்கள். "ஏன் அப்படிச் சொல்ற?" என்று கேளுங்கள். பிறகு கவ்வாத்து வெட்டிய மலையைக் காட்டுங்கள். மொட்டைக் குச்சியாய் நிற்கும் தூர் சில வாரங்களில் துளிர்விடும். பக்கத்துக் கல் எத்தனை மழை பெய்தாலும் அப்படியே கிடக்கும். உணவு எடுத்து வளர்வதும் தன் இனத்தைப் பெருக்குவதும்தான் உயிருக்கு அடையாளம், ஓடுவது அல்ல.

அடுத்தது மிருகங்கள், பூச்சிகள். கால்களை எண்ணச் சொல்லுங்கள். எறும்புக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் 6 கால். சிலந்திக்கு 8, ஆகவே அது பூச்சி இனம் அல்ல. மலையில் நம் இரத்தத்தை உறிஞ்சும் அட்டைக்குக் காலே இல்லை, அது மண்புழுவுக்குச் சொந்தம்! வௌவால் பறந்தாலும் குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அதனால் பறவையோடு சேராது.

காளானை எங்கே வைப்பது? அது மிருகமும் அல்ல, தாவரமும் அல்ல. பச்சையம் இல்லாததால் வெயிலில் தன் உணவைத் தயாரிக்க அதனால் முடியாது. பங்கசு என்ற தனி இனம் அது. இலங்கையில் 1869இல் தென்பட்டு, பின்னர் கோப்பித் தோட்டங்களையே அழித்த இலைத்துரு நோயும், 1946இல் தேயிலைக்கு வந்த கொப்புள நோயும் இந்த இனத்தின் வேலைதான். கோப்பி அழிந்த இடத்தில்தான் தேயிலை பரவியது. நம் பாட்டன் பூட்டன் கதையிலும் பங்கசுக்குப் பங்கு உண்டு.

கடைசியாகப் போத்தல்கள். இதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தோம். சின்னப் பிள்ளை போத்தலை உருவத்தை வைத்தே பிரிக்கும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயையோ புல்லுக்கு அடிக்கிற மருந்தையோ ஊற்றி வைத்தால், அது பிள்ளைக்குக் 'குடிக்கிற சாமான்' ஆகிவிடுகிறது. பிழை பிள்ளையுடையது அல்ல, ஊற்றி வைத்தவர்களுடையது. மருந்தை லயத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். மண்ணெண்ணெயை அதற்கென்று வைத்த கேனில் ஊற்றி, எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்தப் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.