ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘அப்ராக்சிமேட்’

கொச்சியின் வைட்டிலா படகுத்துறையிலிருந்து நீர் மெட்ரோவில் காக்கநாடு செல்ல ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகும் என்கிறோம். ஓரிரு நிமிடங்கள் கூடினாலும் நமக்கு இழப்பில்லை. இந்த ‘ஏறத்தாழ’ என்பதையே ஆங்கிலத்தில் ‘அப்ராக்சிமேட்’ என்பர். ‘மிக அருகிலுள்ள’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. எனவே அது பிழையான அளவைக் குறிப்பதன்று. உண்மைக்கு அருகிலுள்ள அளவைக் குறிப்பது. பெயரடையாக வரும்போது இறுதியை ‘மிட்’ எனவும், வினையாக வரும்போது ‘மேட்’ எனவும் ஒலித்தல் வேண்டும்.

‘ஏறக்குறைய’ என்னும் நம் சொல் இதனினும் தெளிவானது: ஏறவும் கூடும், குறையவும் கூடும். கடன் விசாரிக்கும்போது கூறப்படும் ‘அப்ராக்சிமேட்’ மாதத் தவணையும் அத்தகையதே. வட்டி விகிதம், காலம், கட்டணங்கள் ஆகியன முடிவானபின் அத்தொகை மாறலாம். அதனை மட்டும் நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிடலாகாது. 2024 அக்டோபர் 1 முதல் ஒப்பளிக்கப்படும் புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை அளிக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. அதனைப் படித்த பின்னரே கையொப்பமிடுவோம்.

காசோலையிலோ இச்சொல்லுக்கு இடமே இல்லை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் உறுதியான தொகையையே கோருகிறது. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்திலுள்ள தொகையே சட்டப்படி கொள்ளப்படும். எனினும் நடைமுறையில் அக்காசோலை திருப்பி அனுப்பப்படலாம்.

ஆகவே, பணம் பற்றிய பேச்சில் ‘அப்ராக்சிமேட்’ எனக் கேட்டால், உறுதியான தொகை எவ்வளவு என வினவி, எழுத்தில் பெற்றுக்கொள்வோம்.